அத்தியாயம் 6: மாற்றுச் சிறுநீரகத்துக்கான பைல்

டயலிசிஸ் தொடங்கி ஆறு மாதம் போனால் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்துவிடும். எந்த நாளில் கல்முனைக்குப் போவது, யார் கூடப் போவது, ஆட்டோக்காரத் தம்பிக்கு மாதக் கணக்கு எவ்வளவு, திரும்பி வந்ததும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் பழகிப்போகும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு முதல் தடை இந்தப் பழக்கம்தான். 'இப்படியே ஓடட்டும், பார்ப்போம்' என்று வீடு அமைதியாகிவிடுகிறது.

ஓடுவது உண்மைதான். ஆனால் நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணித்தியாலமும் செய்கிற வேலையை, மெஷின் எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் செய்யப் பார்க்கிறது. மீதி நேரம் உப்பும் நீரும் உடம்பில் தேங்கும். அந்தச் சுமையை இருதயமும் இரத்தக் குழாய்களும் தாங்க வேண்டியிருக்கும். இன்று ஒப்பரேஷனுக்குத் தகுதியாக இருப்பவர், மூன்று வருடம் கழித்து 'இருதயம் தாங்காது' என்ற பதிலைக் கேட்க நேரலாம். டயலிசிஸில் கழிந்த காலம் கூடக் கூட மாற்றுச் சிறுநீரகத்தின் பலனும் குறைகிறது.

ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயலிசிஸ் பிரிவில் உங்கள் பெயர் இருப்பதால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது என்று ஆகாது. டயலிசிஸ் பிரிவின் வேலை இன்றைய மெஷினைப் பிழையில்லாமல் ஓட்டுவது. ஒப்பரேஷன் நடப்பது கண்டி தேசிய வைத்தியசாலை, கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள சிறுநீரக வைத்தியசாலை போன்ற இடங்களில். இரண்டுக்கும் நடுவே உங்கள் பைலைத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று சம்பளம் வாங்கும் ஆள் எவரும் இல்லை. அதை வீட்டில் ஒருவர்தான் செய்ய வேண்டும். படித்த மகளோ மருமகனோ, ஒருவரைப் பொறுப்பாக்கி, கடைசிவரை அதே ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் பைல் முதலாம் பக்கத்துக்குத் திரும்பிவிடும்.

எப்போது தொடங்குவது? சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 20க்குக் கீழே இறங்கும்போதே தொடங்கலாம். டயலிசிஸுக்குப் போகாமலே நேரே ஒப்பரேஷனுக்குப் போகவும் முடியும். அதுதான் ஆகச் சிறந்த வழி. கிரியேட்டினின் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், 'வடிகட்டும் அளவு எத்தனை, டொக்டர்?' என்று கேளுங்கள். ஏற்கெனவே டயலிசிஸ் செய்துகொண்டிருப்பவர் அடுத்த கிளினிக்கில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நான் மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியா? இல்லையென்றால் எது தடை? அந்தத் தடை தீரக்கூடியதா? பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன பதில், கல்முனையிலிருந்து திரும்பும் வழியில் கிட்டங்கித் தாம்போதி தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

'தகுதியில்லை' என்றால்

பெரும்பாலும் அதன் பொருள் 'இப்போதைக்கு இல்லை' என்பதுதான். பரவிய புற்றுநோய், மிக மோசமான இருதய நோய் போன்ற சிலவே முழுத் தடை. மற்றவை நாள் எடுத்துத் தீர்ப்பவை. காசநோய் இருந்தால் மருந்தை முழுமையாக முடிக்க வேண்டும். புகைப்பதை நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயை விட்டு இறங்காத ஆட்கள் நிறைய. ஒப்பரேஷனுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைப்பார்கள் என்பதால் சொத்தைப் பல்லும் வாய்ப்புண்ணும்கூடப் பெரிய விஷயமாகிவிடும். பல் வைத்தியரிடம் போக எவருடைய கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியும் அப்படித்தான், முந்திப் போட்டால் நல்லது. வயதுக்கு ஒரே கோடு கிடையாது. அறுபது தாண்டியவரையும் உடம்பைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத தடை இரத்தம் ஏற்றுவது. சிறுநீரக நோயில் இரத்தச்சோகை வரும். முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, 'ரெண்டு பை ரத்தம் ஏத்தினா தேறிடுவாரு' என்று வீட்டார் வற்புறுத்துவார்கள். பிறருடைய இரத்தம் உள்ளே போகும்போது அதற்கு எதிரான பொருட்களை உடம்பு செய்து வைத்துக்கொள்ளலாம். பிறகு சிறுநீரகம் வரும்போது அதையும் எதிரியாகப் பார்க்கும். முடிந்தவரை எரித்ரோபொயட்டின் ஊசியாலும் இரும்புச் சத்தாலும் சமாளிப்பதே வழி. உயிருக்கு ஆபத்தான நேரம் வேறு. அப்போது இரத்தம் வேண்டாம் என்று பிடிவாதம் செய்யாதீர்கள்.

இதே காரணத்தால் பிள்ளை பெற்ற பெண் நோயாளிக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. கர்ப்பத்தில் கணவனின் அடையாளங்களுக்கு எதிரான பொருட்கள் அவள் உடம்பில் உருவாகியிருக்கலாம். ஆகவே கணவனோ பிள்ளையோ கொடுக்க முன்வந்தாலும் பொருத்தச் சோதனையில் தோற்கும் வாய்ப்பு அதிகம். அவளுக்காக இரண்டு மூன்று பேரை யோசித்து வைப்பது புத்தி.

யார் கொடுப்பது

இரத்த வகை பொருந்த வேண்டும். ஓ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம், ஏபி வகைக்காரர் எல்லோரிடமும் பெறலாம். பிளஸ், மைனஸ் இங்கே கணக்கில்லை. அதற்கடுத்தது திசுப் பொருத்தம். கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவர் முழுதாகப் பொருந்த வாய்ப்புண்டு. முழுதாகப் பொருந்தாவிட்டால் முடியாது என்ற காலம் போய்விட்டது. இன்றைய மருந்துகளோடு மனைவி கணவனுக்குக் கொடுத்த சிறுநீரகமும் பல வருடம் நன்றாக ஓடுகிறது. திசுச் சோதனையும், கொடுப்பவர் பெறுபவர் இரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும் கடைசிச் சோதனையும் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்தின் ஆய்வுகூடத்தில் செய்யப்படுகின்றன.

நம் ஊர்களில் தானம் கொடுக்க வருபவர்கள் பாதியில் உதிர்வதற்குப் பெரிய காரணம் சீனியும் பிரஷரும். காக்காவுக்குச் சிறுநீரகம் போனது சீனியால் என்றால், தம்பிக்கும் தங்கைக்கும் சீனி இருக்கவோ வரவோ வாய்ப்பு அதிகம். ஆகவே வீட்டில் கண்ணீர் விட்டு முடிவெடுப்பதற்கு முன், முன்வரும் எல்லோருக்கும் இரத்த வகை, சீனி, பிரஷர், சிறுநீர் ஆகிய நான்கை மட்டும் உள்ளூரிலேயே பார்த்துவிடுங்கள். கட்டாரில் வேலை செய்யும் மகனும் அங்கேயே இவற்றைப் பார்த்து அனுப்பலாம். மூன்று மாத லீவை எடுத்துக்கொண்டு வந்து, இரத்த வகையே பொருந்தவில்லை என்று திரும்பிப் போவது யாருக்கும் வரக்கூடாத அலைச்சல்.

பேச்சுத்தான் இதில் கஷ்டமான பகுதி. வழக்கமாக அது இப்படிப் போகும்.

"வாப்பா, நான் தாறன். என்ட ரத்தமும் ஓ தானே."

"வேணாம் புள்ள. நீ இன்னும் வாழ்க்கைப்படாத புள்ள."

"அப்ப காக்கா?"

"அவன்ட பொஞ்சாதி வீட்டுக்காரர் என்ன சொல்லுவாங்களோ."

இரண்டு தயக்கத்தையும் வெறும் மூடத்தனம் என்று ஒதுக்க முடியாது. கரையோரத்து வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகு ஆண் பெண்வீட்டில்தான் குடியிருக்கிறான். அவன் இரண்டு மாதம் பாரம் தூக்காமல் இருந்தால் அந்த வீட்டின் வருமானம்தான் நிற்கும். ஆகவே மாமாவையும் மாமியையும் விட்டுவிட்டு அவனோடு மட்டும் பேசி முடிப்பது சரிவராது. அவர்களையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வைத்தியர் வாயால் கேட்க வையுங்கள். மகள் விஷயத்திலும் வாப்பாவின் தயக்கத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. 2015இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், சிறுநீரகம் கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் 11 சதவீதத்தில் பிரஷர் சார்ந்த சிக்கல் வந்தது. கொடுக்காதவர்களில் அது 5 சதவீதம். பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. இதை மகளும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு எவ்வளவு ஆபத்து? அமெரிக்காவில் 80,000க்கு மேற்பட்ட தானக்காரர்களைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான கணக்குப்படி, ஒப்பரேஷனை ஒட்டிய மூன்று மாதத்தில் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மூன்று பேர். கொடுத்தவருக்கே பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழப்பதும் அபூர்வம். ஆனால் முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. கொடுத்தவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சிறுநீரும் பார்க்க வேண்டும். 'ஒண்டும் செய்யாது' என்று சொல்லி அழைத்துப் போவது தானக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

தானக்காரரை வைத்தியர் தனியாகச் சந்திப்பார். அந்த அறைக்குள் நோயாளியின் ஆட்கள் போகக்கூடாது. மனதில்லை என்றால் அவர் அங்கே சொல்லிவிடலாம். அதை வீட்டில் போட்டு உடைக்காமல் காப்பது வைத்தியரின் கடமை.

இன்னொன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் உம்மா கொடுப்பாள், மனைவி கொடுப்பாள், ராத்தா கொடுப்பாள். அவர்களில் ஒருத்திக்குத் தேவை வரும்போது வீடு 'டயலிசிஸ் ஓடுதுதானே' என்கிறது. இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே. நம்முடைய கிழக்கில் யாரும் எண்ணிப் பார்த்தால் கணக்கு வெகுவாக மாறும் என்று நான் நம்பவில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்கும் ஒரு பைல் வேண்டும்.

கடதாசி

ஒப்பரேஷன் நாள் குறித்த பிறகும் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். அதனால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் என்ன உறவு என்பதை வைத்தியசாலை ஆவணத்தில் பார்க்கும். உறவில்லாதவர் என்றால் ஒழுக்கவியல் குழுவின் விசாரணை இன்னும் கடுமையாக இருக்கும். அண்ணன் தம்பி என்பதை இருவரின் பிறப்புப் பத்திரங்களும் காட்ட வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒருவர் பத்திரத்தில் வாப்பாவின் பெயர் 'முகம்மது இப்றாகீம்', மற்றவர் பத்திரத்தில் 'மு. இப்ராஹிம்', அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றாவது விதம். ஊரில் எல்லோருக்கும் ஒரே ஆள்; மாளிகாவத்தையில் மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு மூன்று ஆட்கள். வித்தியாசம் சின்னதென்றால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைப் பிரதேச செயலாளரின் ஒப்பத்தோடு இணைக்கலாம். பெரிய பிழையென்றால் பதிவைத் திருத்த வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். நம் நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்துக்கு இந்த வேலைக்காக டயலிசிஸ் தொடங்கிய மாதமே போங்கள்.

2004 சுனாமியில் கரையோர வீடுகளோடு பத்திரங்களும் போய், இன்னும் மூலப் பிரதி எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ பிறந்து பிறகு உள்ளே குடிவந்தவர்கள் முதலில் இதைப் பாருங்கள். கணினியில் ஏற்றப்பட்ட பதிவென்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம்.

மனைவி கொடுப்பதென்றால் நிகாஹ் பதிவு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்கீழ், பதியாத நிகாஹும் பதியாத ஒரே காரணத்தால் செல்லாமல் போவதில்லை. ஆனால் பதிவில்லாத மனைவி, வைத்தியசாலைக் குழுவின் கண்ணில் உறவில்லாத தானக்காரராகத் தெரியக்கூடும். பள்ளிவாசல் கொப்பியில் எழுதியிருப்பது மட்டும் போதாது. விவாகப் பதிவாளரிடமோ காதியிடமோ முந்தியே கேட்டு முடித்துவிடுங்கள்.

சோதனைகளும் காலாவதியாகும். மார்பு எக்ஸ்ரே, இருதய ஸ்கேன், வைரஸ் சோதனைகளைச் சில மாதத்துக்குப் பிறகு மறுபடியும் கேட்பார்கள். எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கடதாசிக்காக எட்டு மாதம் காத்திருந்தால் செலவு இரட்டிப்பு. கடதாசி முதலில், விலை கூடிய சோதனை பிறகு.

மொழி பற்றி: சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழ் அரசகரும மொழி. தானக்காரருக்கு மொழிபெயர்ப்பவர் நோயாளியின் அண்ணனாக இருக்கக்கூடாது; தாதியோ வைத்தியசாலை ஊழியரோ செய்யட்டும்.

மார்க்கம், மையித்து, நம்பிக்கை

'ஹராமா?' என்ற கேள்வியை யாரும் வைத்தியரிடம் கேட்பதில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1982இல் உறுப்பு தானத்தை அனுமதித்தது. 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவரின் உயிருக்குக் கேடு வராமலும் விற்பனையாக இல்லாமலும் இருந்தால் ஆகும் என்று தீர்மானித்தது. மாறான கருத்துள்ள உலமாக்களும் உண்டு. உங்கள் மனம் ஏற்கும் மௌலவியிடம் நேரே போய், நோயாளியின் நிலையை வைத்தியரின் கடிதத்தோடு சொல்லிக் கேளுங்கள். 1980களில் இந்த நாட்டில் சிறுநீரக மாற்றை நிலைநிறுத்தியவர்களில் பேராசிரியர்கள் ஏ. எச். ஷெரிப்தீனும் ரெஸ்வி ஷெரிபும் இருந்தார்கள் என்பதையும் பெரியவர்களிடம் சொல்லலாம், சில நேரம் அது ஃபத்வாவைவிட வேலை செய்யும்.

இறந்தவரிடமிருந்து பெறுவது வேறு கதை. மூளைச் சாவை உறுதிசெய்த பிறகு, இருதயம் இன்னும் துடிக்கும்போதே, குடும்பம் சம்மதிக்க வேண்டும். மேலே சொன்ன அகாடமி 1986இல் அம்மானில் மூளைச் சாவை மரணமாக ஏற்றது. ஆனால் நம் பகுதியில் தடை அங்கே மட்டும் இல்லை. 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை எரித்தார்கள்; 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். அதைப் பார்த்த ஒரு சமூகத்திடம் போய் 'மையித்தை வைத்தியசாலையிடம் கொஞ்ச நேரம் ஒப்படையுங்கள்' என்று கேட்பது லேசான காரியம் அல்ல. கேட்கும் வைத்தியர் இதைத் தெரிந்திருந்தால் நல்லது: ஜனாஸா எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

கண் தானத்தில் உலகுக்கே கொடுக்கும் நாடு இலங்கை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் அதைச் செய்தது. சிறுநீரகத்தில் அப்படி ஓர் அலை இன்னும் எழவில்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச் சாவடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, வைத்தியர்களான அவனுடைய பெற்றோர் கொடுத்தார்கள். அதே ஆண்டு அரசு இறந்தவர் உறுப்பு தானத் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. சட்டம் 1994இலேயே இருந்தது. மக்களை அசைத்தது அந்த வீடு.

வழியும் செலவும்

அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் காசில்லை. செலவாவது வெளியில் செய்யச் சொல்லும் சோதனைகளுக்கும், வழிக்கும், தங்குவதற்கும். நம் சவளக்கடையிலிருந்து கண்டிக்கு அம்பாறை, மகாஓயா, மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏற வேண்டும். கொழும்பென்றால் இரவு முழுக்கப் பஸ். டயலிசிஸ் நாளோடு மோதாமல் கிளினிக் திகதியை வாங்குங்கள். மோதினால் அங்கேயே ஒரு தடவை டயலிசிஸ் செய்ய முடியுமா என்று முந்தியே கேட்கலாம். ஒப்பரேஷனுக்குப் பிந்திய முதல் மாதங்களில் அடிக்கடி கிளினிக் இருப்பதால் அருகில் அறை எடுப்பதே மலிவு. மாளிகாவத்தையிலும் கண்டிக்குப் பக்கத்து அக்குறணையிலும் தமிழ் பேசும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் மூலம் விசாரியுங்கள்.

சிறுநீரக நோயாளிக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஸகாத் நிதியைக் கேட்கும்போது ஒப்பரேஷனுக்கு என்று மொத்தமாகக் கேட்காமல், பிறகு வரும் மாதங்களின் வழிச்செலவுக்கும் இரத்தச் சோதனைக்கும் என்று கேளுங்கள். வசூல் எப்போதும் ஒப்பரேஷனுக்கு முந்திய கிழமைதான் குவியும், ஆறாம் மாதத்தில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டக்ரோலிமஸ் போன்ற மருந்தோ வாழ்நாள் முழுக்க. 2022 நெருக்கடியில் மருந்துக்கு நாடு பட்ட பாடு தெரியும். ஒரு மாத மருந்து கையிருப்பில் இல்லாமல் இருக்கக்கூடாது.

தரகர் வந்து 'ஆள் இருக்கு, காசைக் கொண்டாங்க' என்றால் கதவைச் சாத்துங்கள். 2016 ஜனவரியில் வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட சிறுநீரக வியாபாரம் அம்பலமானபோது அரசு வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையையே நிறுத்தியது. இதில் மாட்டினால் காசும் போகும், வழக்கும் வரும். சென்னைக்குப் போவதென்றாலும் இந்தியச் சட்டம் உறவை நிரூபிக்கச் சொல்லும், இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தின் சான்று வேண்டும். அதே கடதாசி வேலை அங்கேயும் காத்திருக்கிறது.

மாரியும் இரவு அழைப்பும்

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களுக்கு முன்கூட்டித் திட்டம் வேண்டும். வானிலை அறிவிப்பு வந்ததும் ஒரு நாள் முந்தியே கல்முனைப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க வேண்டாம். டயலிசிஸ் தவறுகிறதே என்று உழவு இயந்திரத்தில் ஏறக்கூடாது. தவறினால் அடுத்த தடவை வரை தண்ணீரை இறுக்கிப் பிடித்து, இளநீரும் வாழைப்பழமும் பலாவும் தொடாமல் இருந்து, மூச்சு முட்டினால் அல்லது நெஞ்சு படபடத்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெறும் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு அழைப்பு எந்நேரமும் வரலாம். எடுத்த சிறுநீரகத்தை ஒரு நாளுக்குள் வைத்துவிடப் பார்ப்பார்கள். ஆகவே வைத்தியசாலையில் கொடுத்த போன் நம்பரை மாற்றாதீர்கள். மாற்றினால் அன்றே அறிவியுங்கள், வீட்டில் இன்னும் இரண்டு பேரின் நம்பரையும் கொடுங்கள். இரவில் கண்டிக்கு ஓடச் சம்மதிக்கும் வேன்காரர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி, கூலியையும் முடிவுசெய்து வையுங்கள். பைல், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, இரண்டு நாள் மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அழைப்பு வந்ததும் எதையும் சாப்பிடாமல், கடைசியாக டயலிசிஸ் செய்த நாளையும், காய்ச்சல் தடிமன் இருந்தால் அதையும் போனிலேயே சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அழைப்பது வழக்கம். கடைசிச் சோதனையில் பொருந்தாமல் திருப்பி அனுப்பினால் பட்டியலில் உங்கள் இடம் போய்விடாது. அடுத்த டயலிசிஸ் நாளுக்குத் தவறாமல் போங்கள்.